முப்பத்தாறு நாள் குழந்தைக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

டச்சப்புக்கு அம்மா அப்பா வைத்த பேர் என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஸ்டூடியோ வாசலில் நின்று 'டச்சப் இருக்காரா' என்று கேட்டால்தான் ஆள் எட்டிப் பார்ப்பார். கல்யாணப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டவனுக்குக் கண்ணைத் திறந்து வைப்பார், வழுக்கையில் முடி வளர்ப்பார், பருவைத் துடைத்தெடுப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. பாஸ்போர்ட் படத்தில் எந்தத் திருத்தமும் கூடாது என்கிற விதிமுறைத் தாளை அவரேதான் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒட்டினதோடு சரி. பருவுக்கும் தழும்புக்குமா அப்படிச் சொல்லியிருப்பான் என்பது அவர் கட்சி. இத்தனை வருஷத்தில் ஒரு படம்கூடத் திரும்பி வந்ததில்லை என்ற தெம்பு வேறு.

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு ஒரு தாயும் அவள் நாத்தனாரும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தார்கள். தாயின் கையில் முப்பத்தாறு நாள் பெண் குழந்தை. பாஸ்போர்ட் அதற்குத்தான். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று, தள்ளிப்போட வழியே இல்லை. பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பத்தைப் படத்தோடு ஏற்றினால்தான் அவசரப் பிரிவில் நாளைக்கு நேரம் கிடைக்கும், விட்டால் அடுத்த வாரம் என்று நாத்தனார் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். என்ன ஆபரேஷன் என்று அவள் சொல்லவில்லை. கேட்டவர்களெல்லாம் உச்சுக் கொட்டி உச்சுக் கொட்டி அந்த வீட்டுக்கே அலுத்துப் போயிருந்தது. டச்சப்புக்கும் அதைக் கேட்கக் கூச்சம். இதயத்தில் ஏதோ கோளாறு போல என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

பச்சைக் குழந்தையைப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பது இருக்கிறதே, எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும். தலை சாயக்கூடாது, காதோரம் நிழல் விழக்கூடாது, தாங்குகிற கை தெரியக்கூடாது. இந்த ஒழுக்கமெல்லாம் பெரியவர்களிடமே கிடையாது, முப்பத்தாறு நாள் குழந்தை எங்கே போகும்? மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் குழந்தையைக் கிடத்தி, துணிக்கு அடியில் கையை விட்டுத் தலையைத் தாங்கச் சொல்லி நாத்தனாரைக் குந்த வைத்தார். அவர் ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தார்.

குழந்தை அவரைச் சட்டை பண்ணவே இல்லை. சாவிக்கொத்தை ஆட்டினால் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துத் தலையைத் திருப்பியது. சிவப்புப் பந்தைக் காட்டினால் அதையும் தாண்டி எங்கேயோ கிடந்தது அதன் கவனம். டச்சப் பூனை மாதிரி கத்தினார், நாக்கைச் சுழற்றினார், தலைகீழாக நிற்பது ஒன்றுதான் பாக்கி. கேமராவுக்கு நேராக ஒரு தடவைகூட அது பார்க்கவில்லை. மணி பதினொன்றாகிவிட்டது.

அதுவரை பேசாமல் நின்ற தாய் மெதுவாகச் சொன்னாள், விளக்கு ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் திரும்புவாள் என்று. அவரும் சின்ன விளக்கு ஒன்றை எடுத்துக் கேமராவை ஒட்டிப் பிடித்தார். குழந்தையின் கையும் காலும் அப்படியே நின்றன. வாய் தானாக மூடியது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, அந்தச் சின்ன முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வெளிச்சத்துக்கு நேராக வந்து நின்றது. எத்தனையோ ஆயிரம் முகம் பார்த்த மனுஷனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்லவேளை, விரல் தன் வேலையை மறக்கவில்லை.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாம் பிரமாதம், இரண்டு கருவிழிக்குள்ளும் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்ததைத் தவிர. சனியன் பிடித்த விளக்கு, கண்ணுக்குள்ளே விழுந்து தொலைத்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கினார். மோவாயில் வழிந்த எச்சிலை எடுத்தார். வெள்ளையை மூடிக் கருவிழி முழுவதையும் வரைந்தார். ஒவ்வொன்றிலும் ஊசி முனையளவு ஒளிப்புள்ளி வைத்தார். அளவை வெட்டி, இணையதளத்தில் ஏற்றிச் சரிபார்க்கக் கொடுத்தார். படம் ஏற்புடையது என்று பச்சை எழுத்து வந்தது. வாயெல்லாம் பல்லாகத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

தாய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் திரையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். ரசிக்கிறார்களாக்கும் என்று நினைத்து, கண்ணில் லைட் விழுந்து வெள்ளையாகிவிட்டதையும் அதைத் தான் சரிபண்ணின லாகவத்தையும் டச்சப் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னார்.

"அது லைட் இல்லண்ணா" என்றாள் தாய். "கண்புரை. பொறக்கும்போதே ரெண்டு கண்ணுலயும் இருந்துது. அதுக்குத்தான் ஆபரேஷன். மூணு வாரத்துக்குள்ள எடுத்தாகணும். அப்புறம் எடுத்தாலும் பார்வை சரியா வராதாம்."

இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று இருந்தது டச்சப்புக்கு. ஏதேதோ மன்னிப்புக் கேட்டபடி படத்தை அழிக்கப் போனார். இருங்க என்று அவள் தடுத்தாள்.

எழுந்து வந்து திரையின் முன்னால் குனிந்தாள். அங்கே அவள் மகள், அதே கன்னம், அதே மூக்கு, இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாக்கறா" என்றாள் தாய்.

முப்பத்தாறு நாளில் அவளை அவள் பெண் பார்த்ததில்லை. பால் கொடுக்கும்போது பார்த்ததில்லை, குளிப்பாட்டும்போது பார்த்ததில்லை. அவள் ஒரு பக்கம் நகர்ந்து பார்த்தாள், மறுபக்கம் நகர்ந்து பார்த்தாள். மேஜை மேல் கிடந்த நிஜக் குழந்தை விக்கியது. நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

முதலில் தெளிந்தவள் நாத்தனார்தான். பச்சை எழுத்து வந்தாச்சே, அப்படியே அனுப்பித் தொலைக்கலாமே, மணி பதினொன்றேகால் என்றாள். டச்சப்புக்கும் உள்ளுக்குள் அதே சபலம்தான்.

"வேண்டாம் அண்ணி. பாஸ்போர்ட்டைப் பாக்கறவன் படத்தையும் இவளையும் மாத்தி மாத்திப் பாப்பான். இது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இப்ப இருக்கறவதான் என் பொண்ணு."

திருத்தாத படத்தை ஏற்றினார். கண்கள் தெளிவாக இல்லை என்று சிவப்பு எழுத்து வந்தது. இன்னொரு தடவை ஏற்றினார், இன்னொரு சிவப்பு. பதினொன்றரை. அந்த இயந்திரத்தையும் அதைச் செய்தவனையும் அவன் பரம்பரையையும் வாய்க்குள்ளேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் தொழில் தெரிந்த ஆள், திட்டிக்கொண்டே யோசித்தார். விளக்கு நேராக விழுவதால் புரை பளீரென்று அடித்துக் கண்ணையே விழுங்கிவிடுகிறது. விளக்கு இல்லையென்றாலோ குழந்தை திரும்பாது. அப்படியென்றால் விளக்கைக் காட்டிக் கூப்பிட வேண்டியது, திரும்பினதும் அணைத்துவிட வேண்டியது, அது முகத்தை விலக்கிக்கொள்வதற்குள் அடிக்க வேண்டியது. பெரிய விளக்குகளைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தார். மோவாய் எச்சிலை இந்தத் தடவை துணியாலேயே துடைத்தார்.

விளக்கைப் போட்டார். முகம் வந்தது. அணைத்தார்.

குழந்தை விலகவில்லை. போன வெளிச்சம் எங்கே என்று கண்ணை இன்னும் அகலமாக விரித்து, அழாமல், அசையாமல், வெளிச்சம் நின்ற இடத்தையே தேடிக்கொண்டிருந்தது. இத்தனை சின்ன உயிருக்கு இத்தனை ஆசையா என்று தோன்றியது டச்சப்புக்கு. மூன்று தடவை அடித்தார். இரண்டாவதில் கருவிழியின் விளிம்பும் நடுவில் சாம்பல் நிறப் புரையும் இருந்தது இருந்தபடி விழுந்திருந்தன. வெட்டியதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஏற்றிவிட்டு மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பச்சை எழுத்து வந்தது.

புறப்படும்போது, கண் வரைந்த அந்தப் படத்தை என்ன செய்யட்டும் என்று தாயிடம் கேட்டார். அவள் திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"அழிச்சிடுங்க. அதைப் பாத்துப் பழகிடக்கூடாது."

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், முன்கூட்டி ஒரு தகவலும் இல்லாமல் தாயும் நாத்தனாரும் குழந்தையோடு வந்து நின்றார்கள். குழந்தை கொழுகொழுவென்று ஆகியிருந்தது. தலையைச் சுற்றி நாடா கட்டி, சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும், விமானத்தில் குழந்தை ஊரைக் கூட்டியதையும் நாத்தனார் பாதி வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டாள். வந்ததுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று தாய் சொன்னாள், விதிமுறை எதுவும் இல்லாத படம்.

டச்சப் பழக்கதோஷத்தில் சின்ன விளக்கை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கை இல்லை, அவரை. அந்தப் பெரிய கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் பெரிதாக, ஈரமாக, வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தன. அன்றைக்கு அவர் வரைந்து வைத்தது வெறும் கறுப்பு. இப்படி ஒரு நிறம் அவருக்குத் தோன்றவே இல்லை. இடது பக்கம் ஓரடி வைத்தார். கண் கூட வந்தது. வலது பக்கம் வைத்தார். கண் கூட வந்தது. முப்பது வருஷமாக எல்லோரையும் இங்கே பார், அங்கே பார் என்று அதட்டின மனுஷன், கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

படம் எடுக்கலையாண்ணா என்று தாய் கேட்டாள்.

"இரும்மா" என்றார் டச்சப். "அவ பாத்து முடிக்கட்டும்."