கிள்ளான் ஆற்றங்கரையில் ஐந்து படங்கள்

"அஞ்சே அஞ்சு தாள், ஒரு டப்பா கலர். அதை வெச்சு கிள்ளான் ஆத்துக்குள்ள போன ஆளை நாங்க கண்டுபிடிச்சோம். போலீஸ்காரன், தீயணைப்பு பொம்பா படகு எல்லாம் எங்களுக்குப் பின்னாடிதான் வந்தாங்க லா!"

சிரில் இப்படி ஆரம்பித்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். கையில் வைத்துக்கொண்டு சிரித்தால் சட்டை பாழாகும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் சிரில். அவர் காலத்தில் தாப்பா ஸ்டேஷனில் ஒரு யானை வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது. குட்டிக்கு அரை டிக்கெட்தான் என்று கவுண்டரில் தகராறு வேறு செய்தது. அந்த வாயிலிருந்து உண்மை வந்தால் யார் கண்டுகொள்வார்கள்?

ஒன்றை மட்டும் அவர்கள் கவனிப்பதில்லை. 'கண்டுபிடிச்சோம்' என்று சொல்வாரே தவிர, 'காப்பாத்தினோம்' என்று சிரில் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நீர்வண்ண ஓவியர் சங்கம் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போயிருந்தது. சங்கத்தின் பெயர் நீளம், ஆட்கள் ஐந்தே பேர். எல்லார் வயதையும் கூட்டினால் மலாக்கா சுல்தான் காலத்துக்குப் போய் நிற்கும். மாதம் ஒரு தடவை எங்கேயாவது போய், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே இருப்பதை வரைவார்கள். தலைவி உர்சுலா, கான்வென்ட்டில் டீச்சராக இருந்தவர். சங்கத்தில் அவர் வைத்தது இரண்டே சட்டம். ஒன்று, ஒவ்வொரு படத்திலும் ஒரு ஆள் இருக்க வேண்டும். "ஆள் இல்லாத படம் காலண்டருக்குத்தான் லாயக்கு" என்பார். இரண்டாவது, முடித்தவர் முடித்த வரிசையில் படத்தைத் தரையில் வைக்க வேண்டும். பிறகு எல்லாரும் சுற்றி நின்று குறை சொல்வார்கள். சங்கம் நடப்பதே அதற்காகத்தான்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பாலம் இருந்தது, ஆறு இருந்தது, ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு இருந்தது. ஆள்தான் இல்லை. கரையில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்த நீலச் சட்டைக்காரர் ஒருவரைத் தவிர ஒரு காக்கா கூட இல்லை. வரைய ஆள் கிடைத்ததென்று ஐந்து பேரும் அவர் மேல் விழுந்தார்கள்.

"நீலச் சட்டையை நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றார் இராஜம்மா.

"பார்த்தா உங்களுக்குச் சொந்தமாக்கா?" என்றார் சிவநேசன். "தலையை மட்டும் தொங்கப் போடாம இருந்தா நல்லா இருக்கும்."

"தொங்கப் போடட்டும்யா. எனக்கு மூஞ்சி வரையுற வேலை மிச்சம்" என்றார் இராஜம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். சிரில்தான் அதிகம் சிரித்தார். பாலத்து மேல் போன லோரிச் சத்தத்தையே அது அமுக்கிவிட்டது.

சிரிலுக்குப் பாலத்தை வரைந்து முடிக்கவே நேரமாகிவிட்டது. அவர் ஆளைப் போடத் தலை தூக்கியபோது நீலச் சட்டைக்காரர் கீழ்ப் படியும் தாண்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கால் கழுவுகிறார் என்று நினைத்தார் சிரில். முழங்கால் தண்ணீரில் என்ன ருசி இருக்கிறது? இடுப்பளவு ஆக்கினார். அதுவும் போதவில்லை. பக்கத்தில் ஒரு முதலையைப் போட்டார். குனிந்த தலை நிமிராமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக வைத்தார். முதலையின் வாயில் இடம் தீர்ந்த பிறகுதான் பிரஷ்ஷைக் கழுவினார்.

படத்தைக் கொண்டுபோய் வரிசையில் நாலாவதாக வைக்கும்போது ஒரு பெண் ரோட்டிலிருந்து ஓடிவந்தாள். வீட்டில் போடும் கவுனோடு வந்திருந்தாள். காலில் ஒன்றும் இல்லை.

"அங்கிள், இந்த மோட்டார்ல வந்தவரைப் பார்த்தீங்களா? நீலச் சட்டை. ஜீவன்னு பேரு. என் வீட்டுக்காரர்."

அவள் பெயர் புனிதா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கரையில் மோட்டாரைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். "வேலை போனதிலேர்ந்து வீட்டுல பேச்சே இல்லை. காலையில நான்தான் ஒரு வார்த்தை கூடுதலா சொல்லிட்டேன். போனைக்கூட எடுத்துக்காம வந்துட்டாரு."

மோட்டாரில் சாவி அப்படியே தொங்கியது. உர்சுலா அப்போதே போலீஸுக்குப் போன் போட்டார்.

ஐந்தாவது ஆள் கமலநாதன் இன்னும் வரைந்துகொண்டிருந்தார். நில அளவை ஆபீஸில் இருந்தவர். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். பாலத்துக்கு எத்தனை கம்பியோ படத்திலும் அத்தனை கம்பி. அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஏறிப் போயிட்டார்மா. நான் தலை தூக்கிப் பார்த்தப்ப படிக்கட்டுல ஆள் இல்லை. ஆள் இல்லாத படம்னு டீச்சர் ஏசுவாங்களேன்னு நான் சுத்தியும் தேடினேன்."

புனிதாவுக்கு உயிர் வந்தது. "பூச்சோங்ல அவங்க அக்கா இருக்காங்க அங்கிள். பஸ் பிடிச்சிருப்பாரு. கோவம் வந்தா அங்கதான் போவாரு."

சிரில் தரையைப் பார்த்தார்.

முதல் படம் உர்சுலாவுடையது. நீலச் சட்டை மோட்டார் மேல் இருந்தது. அடுத்தது சிவநேசனுடையது. படிக்கட்டின் தலைப்பில் நின்றது. இராஜம்மாவின் படத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தது, மூஞ்சி இல்லாமல். நாலாவதில் தண்ணீருக்குள். தனித்தனியாக வரைந்தபோது ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் பார்த்தால் அந்த ஆள் நடந்துகொண்டிருந்தார். ஐந்து பேரும் காலை முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்தது அதைத்தான்.

"அவர் ஏறலை" என்றார் சிரில். அவர் குரலே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இறங்கினார். நான் பார்த்தேன்."

"முதலையையும் பார்த்தியா?" என்றார் கமலநாதன்.

ரோந்து போலீஸ்காரர் வந்துவிட்டார். இளவயசு மலாய்க்காரர். உர்சுலா மலாயில் எல்லாவற்றையும் சொல்லிப் படங்களைக் காட்டினார். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்து, நாலாவதில் நின்றார்.

"புவாயா?" என்று கேட்டார். முதலையா?

"அது இல்லை. அதை நான் சும்மா போட்டேன்" என்றார் சிரில். எழுபது வருஷத்தில் தான் சொன்ன ஒன்றை அவர் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் அதைப் பாராட்டவில்லை.

"அப்ப தண்ணியில நின்ன ஆள்?"

"அது நிஜம்."

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். பிறகு கமலநாதனைப் பார்த்தார். எந்தப் பக்கம் சாய்வது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. வாக்கி டாக்கியில் பஸ் நிலையத்தைப் பார்க்கச் சொன்னார்.

"அந்த அங்கிள் சொல்றதுதான் சரி" என்றாள் புனிதா, கமலநாதனைக் காட்டி. சிரிலை அவள் பார்த்த பார்வையில் தார் உருகியிருக்கும். "நீங்க ஏன் அங்கிள் இப்படிப் பேசுறீங்க? உங்களுக்கு நாங்க என்ன செஞ்சோம்?"

வாயைத் திறந்தார் சிரில். 'விளையாட்டுக்குச் சொன்னேம்மா, பூச்சோங்தான் போயிருப்பார், இந்நேரம் அக்கா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருப்பார்' என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும். அக்கா வீட்டுக் குழம்பு என்ன குழம்பு என்பதுவரை சொல்லியிருப்பார். வாழ்நாள் முழுக்கச் செய்த தொழில். அந்தப் பிள்ளையும் அதைத்தான் கேட்டு நின்றாள். ஆனால் அந்த ஆள் இப்போது ஏதாவது ஒரு பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்தால்?

வாயை மூடிக்கொண்டு கமலநாதனின் படத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அது இன்னும் ஈரம் காயவில்லை. அதில் ஆள் இல்லைதான். இராஜம்மாவின் படத்தில் நீலச் சட்டை உட்கார்ந்திருந்த படியில் மட்டும் சின்னதாக இரண்டு தீற்றல்.

"யோவ் சர்வேயரே, இது என்ன?"

"கல்லு."

"மத்த கல்லெல்லாம் சாம்பல். இது ரெண்டும் ஏன் காப்பிக் கலரு? ஏன் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு?"

"அங்க இருந்துச்சு, போட்டேன். என்ன ஏதுன்னு ஆராயலை."

"நீ இல்லாததைப் போடமாட்டே. அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன். அந்த ரெண்டும் இப்ப எங்கே?"

கமலநாதன் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். கடல் ஏற்றம் ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் வரைந்த கடைசிப் படி தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. தண்ணீர் குப்பையையும் நுரையையும் பாலத்துப் பக்கமாக, ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

சிரிலின் பின்னால் வந்து நின்ற புனிதா படத்தைக் குனிந்து பார்த்தாள். "வார் வெச்ச செருப்பா அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள். "தீபாவளிக்கு வாங்கினது. புதுசை வெளிய விட்டா எடுத்துருவாங்கன்னு கோயிலுக்குக்கூடப் போட்டுப் போகமாட்டாரு."



கமலநாதன் போலீஸ்காரரிடம் போனார். பஸ் நிலையம் வேண்டாம், பொம்பா படகைக் கூப்பிடுங்கள், பாலம் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் தேடச் சொல்லுங்கள், நான் முதலில் சொன்னது தப்பு என்று மலாயில் சொன்னார். பிறகு திரும்பி வந்து புனிதாவின் முன்னால் நின்றார்.

"அங்கிள்," என்றாள் அவள் சிரிலைக் காட்டி, "நீங்க சொல்லுங்க. இவர் பொய் சொல்றார்தானே?"

"இல்லைம்மா" என்றார் கமலநாதன். "ஏறிப் போனதை நான் பார்க்கலை. இவன் சொன்னதுதான் நடந்தது."