பாலத்துக் காவல்

"உன் தம்பி பாலத்தத் தாண்டினான்னா நானே கழுத்தப் புடிச்சுத் திருப்பி அனுப்புவேன். சொல்லிட்டேன்" என்றான் ராஸ்கோ, சட்டையில் காவல் பேட்ஜைக் குத்திக்கொண்டே.

அவன் மனைவி நோலா தட்டில் சோளரொட்டியை வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன், புழுதி மூடிப் பாழாய்ப்போன ஓக்லஹோமா நிலத்தை விட்டு, லாரிமேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு ஓடிவந்த மனிதன்தான் இவன். அது பஞ்செடுக்கிற காலம். பண்ணைக்காரர்கள் மாநில எல்லைப் பாலத்திலேயே நின்று வா வா என்றார்கள். இப்போது பஞ்சு முடிந்தது. கையில் காசில்லாதவன் உள்ளே வரக்கூடாதாம். கூட்டி வருகிறவனுக்கு ஜெயிலாம். அதைப் பார்த்துக்கொள்ள ராஸ்கோவுக்குச் சம்பளம். வெட்கம் என்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை.

"கார் நின்னுபோயி மூணு நாளா பாலத்துக்கு அந்தாண்ட வெயில்ல கெடக்கான்யா. ஒரே நாடுதான? எங்க வேணா போலாம்னுதான அரசியல் சாசனம் சொல்லுது?"

"சாசனம் வாஷிங்டன்ல இருக்கு. பாலத்துல நான் இருக்கேன்."

"வந்தேறிப் பசங்க" என்று முணுமுணுத்தபடி வேலைக்கு நடந்தான். அதை ஒரு வந்தேறியே சொல்கிறான்!

நோலா லாரியை எடுத்தாள். வெளியே போகிறவர்களைப் பாலத்தில் யாரும் கேட்பதில்லை. சாலையோரம் உதடு வெடித்துக் கிடந்தான் தம்பி வில்பர்.

"அக்கா, மாமா உள்ள விடுவாரா?"

"ஏறுடா."

திரும்பி வருகையில் தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. சார்ஜெண்டுக்குப் பக்கத்தில் ராஸ்கோ.

"காசு வச்சிருக்கியாப்பா?" என்றார் சார்ஜெண்ட். வில்பர் வெறுங்கையை விரித்தான். "அப்ப கூட்டியாந்த அம்மா மேல கேஸுதான். ராஸ்கோ, இவங்க யாருன்னு தெரியுமா?"

ராஸ்கோ பூட்ஸைப் பார்த்தான். "தெரியாது சார். யாரோ வந்தேறிக் கும்பல்."

நோலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"எழுதுங்க ஐயா. ஆனா ரெண்டு கேஸா எழுதுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி, சல்லிக்காசு இல்லாத என்னை இதே லாரியில, இதே பாலத்து வழியா ஒருத்தர் கூட்டியாந்தாரு. மாதாகோயில்ல மோதிரம் போட்ட என் புருஷன். பேரு ராஸ்கோ டில்மன். அந்தா, பூட்ஸப் பாத்துட்டு நிக்கிறாரே."

சார்ஜெண்டின் பென்சில் நின்றது. தன் கையால் பேட்ஜ் கொடுத்த ஆளை ஒருமுறை பார்த்தார். பிறகு பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார்.

"கட்டையத் தூக்குய்யா" என்றார்.

ராஸ்கோதான் தூக்க வேண்டியிருந்தது. லாரி அவனைக் கடக்கையில் வில்பர் வெள்ளந்தியாகத் தலையை நீட்டினான்.

"மாமா, வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"சாயங்காலம் வருவாருடா" என்றாள் நோலா, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வரட்டும். வாசல்ல நான் நிப்பேன்."