மடியில் விழுந்த ஆரஞ்சு

...சுஜாதாவுக்கு மட்டும் எப்படி நின்றுபோனது, பிள்ளை தங்காமலிருக்கப் போட்ட அதே ஊசி, அதே நர்ஸ், அதே நாள், யோசனை சொன்னதே சிவசக்திதான், நமக்குப் பத்தொன்பதுதானே ஆகுது அக்கா, ரெண்டு காப்பி சீசன் போகட்டும், குழந்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் என்று... அக்கா என்ன அக்கா, ஒரே வயதுதான், சுஜாதா மூத்தவனைக் கட்டிக்கொண்டதால் அக்காவாகிவிட்டாள், அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். ஊசிக்குப் பிறகு அவளுக்குத் தூரமே வரவில்லை. சிவசக்திக்கோ நிற்கவேயில்லை, விட்டது என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனால் மறுநாளே திரும்பவும், திரும்பவும் வெளியறை, தனித் தட்டு, தனிப் போர்வை, வாழவந்தி மலைக்குளிர் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே அடுப்போரத்தில் அந்த மகாராணி, கன்னம் உப்பி, ரவிக்கைக் கை இறுக்கிப்பிடிக்க. மாமியார் பாவாயிக்கு ஊசி விஷயம் தெரியாது, நாள் தள்ளிப்போகிறது, உடம்பும் பூசியிருக்கிறது, மூத்த மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். தோட்டத்தில் பழுத்த முதல் ஆரஞ்சைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள், "தின்னு சாமி, வாய்க்கு இதமா இருக்கும்." கதவிடுக்கில் சிவசக்தி பார்த்துக்கொண்டிருந்தாள், தோல் உரித்த வாசனை வெளியறை வரை வந்தது... ஒரு சுளை கொடுத்தால் குறைந்தா போய்விடும்? சிவசக்தியைப் பற்றி வந்தது வேறு பேச்சு. "இவளுக்கு என்ன சீக்கோ, அவ அம்மா ஊட்டுல கொண்டுபோய் உட்டுட்டு வா" என்று சரவணனிடம். கட்டிய புருசன், அவனும் தலையாட்டினான், பாவி.

இதோ அடுத்த ஊசிக்கு ஏற்காடு வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே வார்த்தை போதும், அவ வயித்துல ஒண்ணுமில்லீங்க அத்தை, எல்லாம் ஊசி பண்ணுன வேலை... மகாராணி ஒரு நொடியில் கீழே. ஆனால் அப்புறம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே, நீயும் போட்டுக்கிட்டியா என்பாளே? சுஜாதா மூக்கை உறிஞ்சினாள். "அத்தை தொட்டிலுக்குச் சேலை எடுத்து வெச்சுட்டாங்க சக்தி, எனக்கு நொம்பப் பயமா இருக்குது... உனக்காச்சும் வருது." உனக்காச்சும் வருதா! என்ன வாய் இவளுக்கு, வந்து படுத்துப் பார்க்கட்டுமே வெளியறையில்... ஆனால் அழுகை பொய்யில்லை. சுஜாதா பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டினாள், "எனக்கு எறங்கல, நீ தின்னு." அடங்கியிருக்க வேண்டாமா நெஞ்சு, ஆசைப்பட்ட பழம் கையில்தானே இருக்கிறது? அடங்கவில்லை. இது கையில் கொடுத்த பழம், மடியில் போட்ட பழம் இல்லை.

சிவசக்தியை உள்ளே கூப்பிட்டார்கள். நர்சம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துக் கெடக்கறயே கண்ணு. இந்த ஊசி சிலருக்கு இப்படித்தான் பண்ணும், போகப்போகக் குறையும், சிலருக்கு நின்னே போயிரும். ஆனா நீ இவ்வளவு நாள் தாங்கியிருக்க வேண்டாம். டாக்டரம்மாவப் பாரு, மாத்திரைக்கு மாத்திக்கலாம்." சரி என்று சொல்ல வேண்டியதுதான், அதற்காகத்தானே பஸ்ஸில் வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தாள், இரத்தம் நிற்க வேண்டும், உள்ளே போக வேண்டும், தன் தட்டில் தான் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே... அவ்வளவுதானா? நின்னே போயிரும். நின்றால் நாள் தள்ளிப்போகும், கன்னம் உப்பும், சரவணன் முகம் பார்ப்பான், பாவாயி தோட்டத்துக்குப் போவாள்... சுஜாதா வெளியே அழுதுகொண்டிருக்கிறாள், அந்தப் பயமும் சேர்ந்துதான் வரும், தெரியாதா என்ன, நன்றாகத் தெரிகிறது.

"ஏனுங்க, இன்னொண்ணு போட்டா எனக்கும் நின்னுருங்களா?"

நர்சம்மா விசித்திரமாகப் பார்த்தார். கேட்டது தானேதான் என்று சிவசக்திக்கு அப்போதுதான் உறைத்தது, ரவிக்கைக் கையை எப்போது மேலே சுருட்டினாள் என்பதும் தெரியவில்லை. மறுகையில் ஆரஞ்சு உரிக்காமல் இருந்தது.