கயிறு இழுத்த அரைமணி நேரம்

தன் எஞ்சினைப் பற்றிப் பெருமை பேசாமல் சென்றாயனுக்குப் பொழுது போகாது. எடப்பாடிக்கு மேற்கே, கதவணைத் தண்ணீர் அகன்று தேங்கி நிற்கும் காவிரித் துறையில் இருபது வருடமாகப் படகு விடுகிறார். வேறு யாருடைய படகாவது நடு ஆற்றில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்து வருவது அவர்தான். ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும் அவர்தான்.

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் தீபிகா பொங்கலுக்கு வந்தபோது சின்னதாக ஒரு கரண்ட் மோட்டாரும் பேட்டரியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எஞ்சின் நின்னுட்டா இதப் பின்னால மாட்டித் தண்ணிக்குள்ள எறக்கி உடுங்கப்பா. மெதுவாப் போனாலும் கரை சேர்த்துரும்."

"மிக்சியாட்ட இருக்குது சாமி" என்று சிரித்தபடி அதைப் பலகைக்கு அடியில் தள்ளினார். போனில் கேட்பாளே என்று ஞாயிறுதோறும் பேட்டரிக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றி வைத்தார்.

மாசி மாதம் ஒரு காலையில், விசைத்தறி ஓட்டும் கண்ணாத்தாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கரைல எங்கக்காளுக்கு உசுரு இழுத்துக்கிட்டு இருக்குதுங்க. பாலம் சுத்திப் போனா நேரமாயிருமுங்க."

ஆள் சேரட்டும் என்று சென்றாயன் காத்திருக்கவில்லை. அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி ஆறு தாண்டியதும் எஞ்சின் இருமியது, நின்றது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைச் சுண்டி இழுத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி இழுத்தார். பெட்ரோல் நெடிதான் வந்தது.

"நான் வரட்டுங்களாண்ணா?" கரையிலிருந்து வேலுசாமி கத்தினான். போன மாதம் அவர் இழுத்து வந்தது அவன் படகைத்தான். வேண்டாமென்று கையாட்டினார்.

பலகைக்கு அடியில் கண்ணாத்தாள் எட்டிப் பார்த்தாள். "இது மோட்டாருங்களா? இதப் போட்டா ஓடாதுங்களா?"

"அது ஆபத்துக்கு வெச்சிருக்கறதுங்க. இந்தா, இப்பக் கெளம்பீரும்."

அவள் அக்கரையையே பார்த்தாள். வேலுசாமியின் கண் முன்னால் அந்த மிக்சியை எடுத்து மாட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. இன்னும் நாலு இழுப்பு, இன்னும் நாலு இழுப்பு என்று அரைமணி நேரம் போனது. அவள் போன் அடித்தது. "ஆத்துல இருக்கறேன்னு அவகிட்டச் சொல்லு" என்றவளின் குரல் உடைந்ததும்தான் அவர் கை கயிற்றை விட்டது.

மோட்டாரை மாட்டி இறக்கினார். சத்தமே இல்லை. கால் மணி நேரத்தில் படகு கரையைத் தொட்டது. அவள் படியேறி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் அக்காளின் உயிர் போய்விட்டது என்று மதியம் வந்த பயணி ஒருவர் சொன்னார். தங்கச்சி வந்துட்டாளா என்று இரண்டு தடவை கேட்டாளாம்.

காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் கண்ணாத்தாள் அதே படகில் ஊர் திரும்பினாள். கரை விலகியதும் சென்றாயன் சொல்லிவிட்டார்.

"அந்த மோட்டார மொதல்லயே போட்டிருந்தா நீங்க அக்காளப் பாத்திருப்பீங்க. என்ற வீம்புல கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்துட்டனுங்க."

"அன்னிக்கே தெரியுமுங்க" என்றாள் அவள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள். "எட்டு வருசமா அவகூட நான் பேசலீங்க. இந்தக் கரைலதான் இருந்தேன். நெனச்சிருந்தா எந்த நாளும் வந்திருக்கலாம்."

அவள் பாரம் அவர் பாரத்தைக் குறைக்கவில்லை. துறையில் இறங்கும்போது அவள் கால் தடுமாறியது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார். அவளும் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.