சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

போடியில் காலை ஆறரை மணிக்கெல்லாம் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் போவார்கள். பின்படியில் இரண்டு பேர் தொற்றிக்கொள்வார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போடிமெட்டுப் பாதையில் ஏறுவதற்குள் சுருளியாண்டியின் டர்போ டீசல் ஜீப்புக்கு மூச்சு முட்டியது. 2004 ஐப்பசியில் ஒருநாள் அவன் தேவாரம் சாலையில் இருந்த பொன்னுராஜின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, ஏத்தத்துல முக்குது. ஏதாச்சும் செய்ய முடியுமா?"

ஆளைக் குறைத்து ஏற்று என்று பொன்னுராஜ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோயம்புத்தூரில் வாங்கிவந்த ஒரு சின்னப் பித்தளை வால்வு அவனிடம் இருந்தது. அதை எப்போது மாட்டிப்பார்ப்போம் என்று அவன் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

டர்போ எவ்வளவு காற்றை எஞ்சினுக்குள் திணிக்கலாம் என்பதற்குத் தயாரித்தவர்களே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு வந்ததும் ஒரு சிறு கதவு திறந்து டர்போவின் வேகத்தை அடக்கும். கதவுக்குப் போகும் ரப்பர் குழாயை வெட்டி நடுவில் அந்த வால்வை மாட்டினால் கதவு தாமதமாகத் திறக்கும். வால்வில் உள்ள திருகை முறுக்க முறுக்கக் காற்று கூடும், இழுவையும் கூடும். அழுத்தம் காட்டும் மீட்டரையும் சேர்த்து மாட்டச் சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். பொன்னுராஜ் தன் காதை நம்பினான்.

வண்டி பறந்தது. சுருளியாண்டி இருபத்திரண்டு பேரை ஏற்றத் தொடங்கினான். அடுத்த முறை வந்தபோது, அவன் கேட்காமலே பொன்னுராஜ் இன்னும் அரைச் சுற்று முறுக்கிவிட்டான். மார்கழியில், காலையில் நீலமாய்ப் புகைகிறது, ஆயிலும் குறைகிறது என்று சுருளியாண்டி வந்து நின்றான். பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. பொங்கல் கழித்துப் பார்க்கலாம், ஓட்டு என்று பொன்னுராஜ் அவனை அனுப்பிவிட்டான்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. மலைப்பாதையின் பத்தாவது வளைவில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக அலறியது. வெள்ளைப் புகை வண்டியை மூடியது. சுருளியாண்டி கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கையில் உருவிவிட்டான். எப்படியும் எஞ்சின் நின்றுவிடும் என்று நினைத்துக் கிளட்சிலும் பிரேக்கிலும் இருந்து காலை எடுத்தான். நிற்காத எஞ்சின் ஜீப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாலையோரச் சுவரில் மோதியது. தோட்டத்து வேலைக்காகப் பின்படியில் தொற்றிவந்த மூக்கம்மாள் பாறையில் விழுந்து அங்கேயே இறந்துபோனாள்.

கேட்டதுமே பொன்னுராஜுக்குப் புரிந்துவிட்டது. அளவுமீறிச் சுற்றிய டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது. சாவியால் டீசலைத்தான் நிறுத்த முடியும். நொறுங்கிய ஜீப் அவன் பட்டறைக்கே வந்தது. வாகன ஆய்வாளர் வருவதற்குள் வால்வைக் கழற்றிவிட்டுப் புதுக் குழாயை மாட்டிவைத்தான். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டது.

ஜாமீனில் வந்த சுருளியாண்டி எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான்: சாவி என் கையில் இருந்தது, வண்டி ஓடியது. வண்டியில் இருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். அப்படியென்றால் அந்த வளைவில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு மாறியது. ஜீப்காரர்கள் அங்கே எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். மூக்கம்மாள் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் டீக்கடையில் சத்தியம் செய்தார். சுருளியாண்டி சாப்பாட்டை விட்டு, தூக்கத்தில் அவள் பேரைச் சொல்லி அலறத் தொடங்கியதும், அவள்தான் அவனைப் பிடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள்.

அங்கே பேய் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் பொன்னுராஜ் ஒருவன்தான். அந்த வளைவைக் கடக்க அதிகம் பயந்தவனும் அவன்தான். சாலையில் ஏதாவது டர்போ விசிலடித்துக்கொண்டு போனால் கையிலிருக்கும் ஸ்பானரைப் போட்டுவிட்டு உள்ளே போய் நிற்பான். டர்போ வண்டிகளைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

ஆனி மாதத்தில் சுருளியாண்டியின் மனைவி சங்கிலியம்மாள் பட்டறைக்கு வந்தாள். பேய் ஓட்டக் கோடாங்கியை அழைத்திருப்பதாகவும், கணவனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றும் சொன்னாள்.

"நீங்க வந்தாத்தாண்ணே அவுக அடங்குவாக. உங்கமேல அம்புட்டு மருவாதி."

வெள்ளிக்கிழமை முற்பகல் பொன்னுராஜ் போனான். சுருளியாண்டி எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். அவனை விட்டுப் போகும்படி மூக்கம்மாளிடம் சொல்வதற்காக அவள் கணவர் பிச்சைமணியையும் வரவழைத்திருந்தார்கள். யார் நீ என்று கோடாங்கி கேட்டார். நான் சுருளியாண்டி என்று அவன் சொல்லும்போதெல்லாம் முதுகில் சாட்டை விழுந்தது. ஆறேழு அடி விழுந்த பிறகு, தன் தோளை அழுத்திப் பிடித்திருந்த பொன்னுராஜை அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, நான் சாவிய எடுத்தேனா, எடுக்கலயா? எனக்கே வெளங்கலண்ணே."

பொன்னுராஜின் கை நழுவியது.

"எடுத்தடா. எடுத்தாலும் அது ஓடும். நான் மாட்டுன வால்வு டர்போவத் தின்னுருச்சு. நீ வந்து பொகையுதுன்னு சொன்னே, நாந்தான் ஓட்டுன்னு அனுப்புனேன். பெறகு யாருக்கும் தெரியாம வால்வக் கழட்டி ஒளிச்சதும் நாந்தான்."

கோடாங்கி சாட்டையைக் கீழே வைத்தார். சுருளியாண்டி சத்தமில்லாமல் அழத் தொடங்கினான். சங்கிலியம்மாள் ஓடிவந்து அவன் முதுகைத் தன் முந்தானையால் மூடினாள். நாளைக்குப் போலீசில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று பொன்னுராஜ் முணுமுணுத்தான். பிச்சைமணி எழுந்து அவன் முன்னால் வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எம்பொண்டாட்டி ஒருத்தரக் கடிஞ்சு பேசுனவ இல்ல. ஆறு மாசமா ஊரே அவளப் பேயின்னுச்சு. நானும் நம்பி அவ படத்தச் செவுத்தப் பாக்கத் திருப்பி வச்சேன். வால்வ மாட்டுனது தெரியாமச் செஞ்சது. தெரிஞ்ச பெறகும் வாயத் தொறக்காம இருந்தே பாரு, அதான் அவளப் பேயாக்குச்சு, இவனப் பைத்தியமாக்குச்சு. தப்பு யாரும் செய்யிறதுதான், பொன்னுராசு. அத மறைச்சா அடுத்தவன்ல அடி வாங்குறான். நாளைக்கு எதுக்கு? இப்பப் போ."