கூண்டில் விரித்த மரச்சீவல்

புதுச் சாயம் ஒன்றை, அது உயிரணுவுக்குள் இருக்கும் மரபணுவைச் சிதைக்குமா என்று கேட்டு ஒரு துணி ஆலை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தது. சிதைந்தால், உடைந்த துண்டு அந்த உயிரணுவுக்குள் சின்னப் புள்ளியாக ஒதுங்கி நிற்கும். எலிகளின் எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் ஆய்வகத்தில் அவள் வேலை. சாயம் குடித்த எலிகளில் புள்ளிகள் நிறைய இருந்தன. ஆனால் வெறும் தண்ணீர் குடித்த எலிகளிலும் அதே அளவு இருந்தன.

அவள் கண் அசந்திருக்கும் என்று ஆய்வகத் தலைவி வேறொருவரை எண்ண வைத்தார். அதே விடைதான் வந்தது. முகம் தொங்கிப்போன தலைவி, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. எலி அறையில் கூண்டு கூண்டாகத் துருவினாள். தண்ணீர், தீனி எல்லாம் பழைய இடத்துச் சரக்கு. கீழே மெத்தென்று விரித்திருந்த மரச்சீவல் மட்டும் புது இடத்திலிருந்து வந்தது. ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். அது அக்கா வீட்டுக்காரர் சட்டையில் வரும் வாடை.

சரக்கறையில் விசாரித்தாள். சந்தேகமே இல்லை, மாமா வேலை பார்க்கும் மரப்பட்டறையேதான். பூச்சி அரிக்காமலிருக்கப் பலகைகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. வெறுங்கையால்தான் முக்குவார். என்ன சோப்பு போட்டாலும் வாடை போகவில்லை என்று அக்கா புலம்பாத நாளில்லை.

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். எலிக்காரி வந்துவிட்டாள் என்று மாமா வழக்கம்போல வம்புக்கிழுத்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் அடங்கினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்த மருந்தை நான் சோதிச்சுப் பாக்கணும், மாமா. உங்க முதலாளிகிட்ட நானே கேக்குறேன்."

"என் வேலைக்கு உலை வெச்சுட மாட்டியே?"

"தெரியல மாமா. ஆனா தெரிஞ்சுகிட்டே சும்மா இருக்க முடியல."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள். "வேலை போனா வேற தேடிக்கலாம். வேற புருஷனுக்கு நான் எங்க போறது?"

மறுநாள் முதலாளி எரிந்து விழுந்தார். எலிக்கு வந்தால் மனுஷனுக்கும் வரவேண்டுமா என்று கேட்டார். வந்துதான் தீரும் என்று தானும் சொல்லவில்லை, அதனால்தான் பார்க்கவேண்டும் என்றாள் அவள். முணுமுணுத்துக்கொண்டே மருந்து கொடுத்தார்.

பாதி எலிகளுக்கு மருந்து படாத சீவலும், மீதிக்கு மருந்தில் ஊறிய மரத்தின் சீவலும் விரித்தார்கள். விடை பளிச்சென்று வந்தது. புள்ளிகள் நிறைந்திருந்தது ஊறிய சீவலில் கிடந்த எலிகளில்தான். முதலாளியைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினாள். சண்டைக்குத் தயாராக வந்தவர், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"நானும் அதே தொட்டியில கை விட்டு முன்னுக்கு வந்தவன்தாம்மா," என்றார். "எங்களுக்கும் பாத்துச் சொல்ல முடியுமா?"

பட்டறையில் எல்லோருக்கும் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். முதலாளி, மாமா இருவரிடமும் புள்ளிகள் இருக்கவேண்டியதைவிட அதிகம். அந்த வாரமே முதலாளி தொட்டியை மூடினார். இப்போது பலகைகளைச் சூளையில் சூடேற்றியே பூச்சியை ஒழிக்கிறார்கள். மாமாதான் சூளைக்குப் பொறுப்பு.

நல்ல சீவலில் சாயச் சோதனையும் திரும்ப நடந்தது. சாயத்தின் மேல் குற்றமில்லை. தலைவி தன் வாயாலேயே அவளைப் பாராட்டினார்.

சில மாதம் கழித்து மறுபடி கன்னம் சுரண்டியபோது, புதிதாக முளைத்த உயிரணுக்களில் புள்ளிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. பட்டது முழுக்க அழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் புதிதாகச் சேராது என்று அவள் மறைக்காமல் சொன்னாள். மாமா தலையாட்டிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"அட, நான் இவ்வளவு அழகாவா இருக்கேன்?"

"உள்ள பாத்தா மட்டும்," என்றாள் கூட வந்திருந்த அக்கா, அவரைத் தள்ளிவிட்டுத் தானும் பார்க்கக் குனிந்தபடி.