றைவர் எழுதியவன்

போரில் ஷெல் விழுந்து டிலோஜினிக்குக் கண் இரண்டும் போயின. விடத்தல்தீவில் மீளக் குடியேறிய வருடம் வெளிநாட்டுச் சபை ஒன்று அவளுக்கு பிரெயில் கருவி கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு போனது. கணினித் திரையில் உள்ளதை விரலுக்கடியில் புள்ளிகளாக எழுப்பும் கருவி. படம் நன்றாக வந்ததாம். கருவிதான் வேலை செய்யவில்லை. வீட்டுக் கணினியை இயக்கிய லினக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு அதை அடையாளமே தெரியவில்லை.

இயக்கத்தில் இருந்த அண்ணன் மில்ரன், அரசின் தடுப்பில் புனர்வாழ்வு முடிந்து வந்திருந்தான். ஞாயிறுதோறும் இராணுவ முகாமில் கையெழுத்து வைப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எட்டு மாதம் மண்டையை உடைத்து, கருவியும் லினக்ஸும் பேசிக்கொள்வதற்கான நிரலை எழுதினான். அதற்கு டிரைவர் என்று பெயர். எழுதியதை லினக்ஸை உருவாக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் அனுப்பினான்.

"ஏனண்ணா? இஞ்ச வேலை செய்யுதுதானே."

"லினக்ஸ் மாறிக்கொண்டே இருக்கும். அதுக்குள்ளயே இது ஏறிட்டா, நான் இல்லாட்டியும் உனக்கு வேலை செய்யும்."

அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பராமரிப்பவர் என்ற இடத்தில் அவன் பெயரும் ஏறியது. அம்மா அன்ரோனெற்றுக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம், "என்ர பெடியன் வெளிநாட்டுக்காரருக்கு றைவர்" என்றாள்.

அடுத்த ஞாயிறு முகாமில், எந்த வாகனம், யாருக்கு ஓடுகிறாய் என்று கேட்டார்களாம். மில்ரன் வீட்டில் வந்து சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தான். அதற்கடுத்த ஞாயிறு போனவன் திரும்பவில்லை. அப்படி ஒருவர் வரவேயில்லை என்றது முகாம்.

ஏழு மாதம் கழித்து மில்ரனின் மின்னஞ்சலுக்கு லினக்ஸ்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டிலோஜினி விரலால் வாசித்தாள். டிரைவரில் ஒரு பிழை. மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அவர் பெயரை எடுத்துவிட்டு 'அநாதை' என்று குறிப்போம், பிறகு டிரைவரையே நீக்க நேரலாம். அவர்களுக்கு அது வழக்கமான சொல். அவளால் தாங்க முடியவில்லை.

மில்ரனின் மரணச் சான்றிதழுக்கென்று கிராம சேவையாளர் கொண்டுவந்த படிவத்தை அம்மா அடுப்பில் போட்டது போன மாதம்தான்.

"அண்ணான்ர பேரை எடுக்கப் போறாங்களாம், அம்மா."

"விடாத பிள்ளை. எடுக்க வேண்டாமெண்டு எழுது."

பிழையைத் திருத்த அவளுக்குத் தெரியாது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. உள்ளதை எழுதினாள்: 'அவர் என் அண்ணன். கையெழுத்து வைக்கப் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை. பெயரை எடுக்காதீர்கள்.'

மறுநாளே பதில் வந்தது. நல்ல மனிதர்கள். அவசரமில்லை, காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர் திரும்பும் திகதியை மட்டும் அறியத்தரச் சொன்னார்கள்.